பச்சைச் சோகையும் சிடன்ஹாமின் எஃகு மாத்திரையும்: 1682 கடிதத்தில் உள்ள முறை எவ்வளவு தேறும்?

#1 பழஞ்சுவடி

வெளுத்த முகம், படியேறினால் படபடப்பு, மூச்சிரைப்பு, இறைச்சியைக் கண்டால் குமட்டல், மாலையில் கணுக்கால் வீக்கம், மாதவிடாய் தள்ளிப்போதல் அல்லது நின்றே போதல். ஐரோப்பாவில் நானூறு ஆண்டுகளாகப் பருவப் பெண்களிடம் இப்படியொரு நோய் எழுதப்பட்டு வந்தது. பச்சைச் சோகை என்றார்கள், ஏட்டில் குளோரோசிஸ். 1920கள் வாக்கில் ஏறக்குறைய மறைந்தே போனது.

முதல் தெளிவான விவரிப்பு யோகானஸ் லாங்கே 1554இல் அச்சிட்ட மருத்துவக் கடிதங்களில் இருக்கிறது. ஹைடல்பெர்க் அரசவை வைத்தியர். நண்பரின் மூத்த மகள் அன்னாவுக்கு நல்ல இடங்களிலிருந்து வரன் வருகிறது. பெண்ணின் பலவீனத்தால் தகப்பன் தட்டிக்கழிக்கிறார். பார்த்த வைத்தியர்களில் ஒருவர் இதயம் என்கிறார், ஒருவர் மூச்சு என்கிறார், ஒருவர் ஈரல் என்கிறார். லாங்கேயின் முடிவு: வெளியேற வேண்டிய இரத்தம் உள்ளே தங்கிவிட்டது, உடனே கட்டிக்கொடுங்கள், கருவுற்றால் குணமாகும். ஹிப்போகிராட்டிஸ் பெயரில் வழங்கும் பழைய நூலையே ஆதாரமாகக் காட்டுகிறார்.

அதற்கு 128 ஆண்டுகள் கழித்து லண்டனின் தாமஸ் சிடன்ஹாம், வூஸ்டர் நகர வைத்தியர் வில்லியம் கோலுக்கு எழுதிய நீண்ட கடிதம் வருகிறது. அதில் உள்ள முறையின் சுருக்கம்:

முதலில் கையில் 8 அவுன்ஸ் இரத்தம் வாங்குவது. பிறகு மூன்று நான்கு காலை தொடர்ந்து பேதி மருந்து. அதன்பின் 30 நாள் எஃகு: 8 கிரெயின் எஃகு அரப்பொடியை மாசிபத்திரி இனத்துக் கசப்புச் செடியின் சாற்றுக் குழம்பில் பிசைந்து இரண்டு மாத்திரை. விடிகாலையில் ஒரு தரம், மாலை ஐந்து மணிக்கு ஒரு தரம். மேலே அதே செடி ஊறிய ஒயின் ஒரு மிடறு. மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு, அரப்பொடியை ரைன் வெள்ளை ஒயினில் சூடாக்காமல் ஊறவைத்து வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய பாகு.

தளர்ந்த இரத்தத்துக்கு எஃகு ஒரு தார்க்குச்சி, நாடி வலுக்கிறது, பிணம்போல் வெளுத்த முகம் சிவக்கிறது என்கிறார். காரணமாகச் சொல்வதெல்லாம் உயிர்த்தாதுக் குழப்பம், ஹிஸ்டீரியா. முறை மட்டும் ஏன் வேலை செய்தது? மருந்து, அளவு தெரிந்தவர்கள் பேசுங்கள்.

#2 உரல்குழவி

அளவிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். 8 கிரெயின் என்றால் 0.52 கிராம். இரண்டு வேளைக்கு 1.04 கிராம் உலோக இரும்பு. 30 நாளில் 31 கிராம். சின்ன டோஸ் இல்லைங்க இது. அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) போல உப்பாக இல்லாமல் தனி உலோகமாகப் போவதால்தான் வயிறு தாங்குகிறது.

வயிற்றில் நடப்பது எளிய வேதியியல். இரும்பும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்து ஃபெரஸ் குளோரைடும் ஹைட்ரஜனும் ஆகும். 0.52 கிராம் முழுக்கக் கரைய 18 மில்லிமோலுக்கு மேல் அமிலம் வேண்டும். வெறும் வயிறு ஒரு மணி நேரத்தில் சுரப்பது அதில் கால்வாசிகூட வராது. அரத்தில் உரசி விழும் பொடி பருவெட்டாக இருக்கும். இன்றைய கார்போனைல் இரும்பு போல மைக்ரான் கணக்கில் இருக்காது. ஆகவே மேற்பரப்பு மட்டும் மெல்லக் கரையும், மிச்சம் கறுத்த மலமாகப் போகும். மெல்லக் கரைவது இங்கே நன்மைதான். ஒரே நேரத்தில் மொத்த இரும்பும் குடல் சுவரைத் தாக்காது.

பக்க விளைவும் அதே சமன்பாட்டில் இருக்கிறது. முழுக்கக் கரைந்தால் ஒரு வேளைக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் ஹைட்ரஜன். அந்தக் கால எஃகில் கந்தகக் கலப்பு உண்டு, அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகிய முட்டை ஏப்பம் அதனால்தான்.

ஒயின் பாகுக்கு ஏன் ரைன் வெள்ளை ஒயின்? புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. புளிப்பில் உள்ள டார்டாரிக் அமிலம் இரும்பைக் கரைத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிவப்பு ஒயினில் போட்டால் டானின் இரும்போடு சேர்ந்து மை மாதிரி கறுக்கும், குடலும் அதை எளிதில் எடுக்காது. சிடன்ஹாம் இதை வேதியியலாக அறிந்திருக்க வழியில்லை. ஆனால் தேர்வு சரியான தேர்வு.

#3 கேள்விக்குறி

மருந்து அருமை, ஒப்புக்கொள்கிறேன். முதல் வரியை யாரும் தொடவில்லையே? சோகைக்காரப் பெண்ணிடம் 8 அவுன்ஸ் இரத்தம் வாங்குவது.

கணக்கு: 8 அவுன்ஸ் ஏறத்தாழ 250 மில்லி. ஹீமோகுளோபின் 7 (100 மில்லி இரத்தத்தில் 7 கிராம்) என்று வைத்தால் அதில் 17.5 கிராம் ஹீமோகுளோபின். கிராமுக்கு 3.4 மில்லிகிராம் இரும்பு, ஆக 60 மில்லிகிராம் போச்சு. சாதாரண உணவிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுப்பது 1 முதல் 2 மில்லிகிராம். ஒன்று முதல் இரண்டு மாதச் சேமிப்பைக் காலை ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தில் பிடித்துவிட்டு, மறுநாள் பேதி மருந்தும் கொடுத்துவிட்டு, பிறகு 'எஃகு குணமாக்கியது' என்றால் எப்படி? தானே வெட்டிய குழியைத் தானே நிரப்பியதும் அந்தக் கணக்கில் சேரும்.

#4 பழஞ்சுவடி

குழி உண்மை. ஆனால் கடிதத்தை முழுக்கப் படித்தால் இந்த இழையின் தலைப்புக்கே நேரான ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நோயாளி பலவீனமானவள் என்றால் இரத்தம் வாங்குவதையும் பேதியையும் இரண்டையுமே விட்டுவிட்டு நேரே எஃகிலிருந்து தொடங்கலாம் என்கிறார். அக்காலத்தில் இது சிறிய சலுகையே இல்லை. இரத்தம் வாங்காமல் சிகிச்சை தொடங்கினால் வைத்தியரின் பெயர் கெடும்.

இன்னும் இரண்டு நுணுக்கம்:

எஃகு ஓடும் நாட்களில் இடையே பேதி மருந்து கூடாது என்கிறார். உடம்பைச் சுத்தம் செய்கிறோம் என்று வாரம் ஒரு முறை பேதி கொடுக்கும் வழக்கத்துக்கு நேர் எதிர். இன்றைய கண்ணில் பார்த்தால் காரணம் வெளிப்படை. இரும்பு உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில். பேதியாகும் குடலில் மருந்து அங்கே தங்காமலே கடந்துவிடும். கரைய நேரம் கேட்கும் அரப்பொடிக்கு இது இன்னும் பொருந்தும்.

இரண்டாவது, ஆரம்ப நாட்களில் எஃகு உடலையும் மனத்தையும் கலக்கும், அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. சில இரவுகள் படுக்கும்போது லாடனம் கொடுத்துப் பழக்க வேண்டும். அவருடைய லாடனம் 2 அவுன்ஸ் அபின், 1 அவுன்ஸ் குங்குமப்பூ, இலவங்கப்பட்டையும் கிராம்பும் ஒவ்வொரு டிராம், இவை ஒரு பைண்ட் கேனரி ஒயினில் ஊறியது. அபின் குடலின் அசைவை மந்தப்படுத்தும். வயிற்று வலி அடங்கும், இரும்பும் குடலில் கூடுதல் நேரம் தங்கும். மலச்சிக்கல் மட்டும் இரட்டிப்பாகும். இரும்பே மலத்தை இறுக்கும், மேலே அபின் வேறு.

#5 ஆய்வகமேசை

30 நாள் போதுமா என்பதையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

45 கிலோ பெண், ஹீமோகுளோபின் 7. ஊசி வழி இரும்புக்கு இன்றும் பயன்படும் கன்சோனி சூத்திரம்: எடை × (15 − 7) × 2.4, கூடவே சேமிப்புக்கு 500. மொத்தம் 1364 மில்லிகிராம். சிடன்ஹாம் கொடுத்த 31 கிராமில் நூற்றுக்கு இரண்டு பங்கு உள்ளே போனாலும் 620 மில்லிகிராம். முழுத் தேவைக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவு.

இது முகத்தில் தெரியுமா? இந்த எடைக்கு 3 லிட்டருக்குச் சற்று மேல் இரத்தம். ஹீமோகுளோபின் ஒரு புள்ளி ஏற ஏறக்குறைய 110 மில்லிகிராம் இரும்பு போதும். 620 வைத்து 4, 5 புள்ளி ஏறலாம். 7இலிருந்து 11, 12. படபடப்பு நிற்கும், உதடு சிவக்கும், பசி திரும்பும். ஒரு வாரம் பத்து நாளில் இளம் சிவப்பணுக்கள் உச்சத்துக்கு வரும், ஆகவே இரண்டாவது வாரத்திலேயே வீட்டார் கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும்.

ஆனால் சேமிப்பு காலி. மருந்தை 30 நாளில் நிறுத்தினால் அடுத்த வசந்தத்தில் நோய் திரும்பும். பச்சைச் சோகை மறுபடி மறுபடி வருவது என்று 19ஆம் நூற்றாண்டு நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்வதில் ஒரு பகுதி இதுதான் என்பது என் கணிப்பு. இன்று ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடரச் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

#6 கேள்விக்குறி

கணக்கு அழகு. ஆனால் ஹீமோகுளோபின் 7 என்று யார் அளந்தது? 1878இல் கவர்ஸ் கருவி வரும்வரை வைத்தியருக்குக் கண்ணும் நாடியும்தான். அன்னாவுக்கு இருந்தது இரும்புக் குறைச் சோகை என்று எப்படி உறுதி? கணுக்கால் வீக்கமும் மூச்சிரைப்பும் வாத இதய நோயிலும் வரும். வெளுப்பும் பசியின்மையும் மாதவிடாய் நிற்பதும் காசநோயில் வரும். சாப்பாட்டை மறுத்து மெலியும் பெண்களும் இந்தப் பெயருக்குள் விழுந்திருப்பார்கள். ஒரு பெயரின் கீழ் நாலைந்து நோய் இருந்திருக்கும். எஃகால் தேறியவர்கள் பிழைத்தார்கள், தேறாதவர்களுக்கு வேறு பெயர் வைத்தார்கள்.

லாங்கேயின் கல்யாண வைத்தியத்தையும் விட்டுவிடாதீர்கள். வெறும் மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போகிறோம், அது கெடுதலும் செய்திருக்கும். ஒரு மாதவிடாயில் போகும் இரும்பு சராசரி 15 முதல் 20 மில்லிகிராம். கர்ப்பத்தில் அது மிச்சமானாலும், கர்ப்பமும் பிரசவமும் சேர்ந்து கேட்பது ஏறத்தாழ 1000 மில்லிகிராம். ஏற்கெனவே கையிருப்பு இல்லாத பெண்ணை அதில் தள்ளுவதுதான் அவர் சொன்ன மருந்து.

#7 பழஞ்சுவடி

பல நோய்கள் கலந்திருந்தன என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. லாங்கே தலைகீழாகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கடுஞ்சோகையில் மாதவிடாய் குறைவதும் நிற்பதும் விளைவு. அவர் அதைக் காரணம் ஆக்கினார். இரத்தம் தங்கியதால் வெளுத்தாள் என்று தொடங்கினால் 'வெளியேற்று' என்பதுதான் தீர்வாகும். கல்யாணம், இரத்தம் வாங்குதல், மாதவிடாயைத் தூண்டும் மூலிகைகள் எல்லாம் அந்த ஒரே கிளையில் காய்த்தவை. சிடன்ஹாம் கொள்கையளவில் அதைவிட்டு வெகுதூரம் போகவில்லை. ஆனால் மருந்துச் சீட்டில், வெளியேற்றுவதை விருப்பத்துக்கு விட்டு, உள்ளே கொடுப்பதைக் கட்டாயமாக்கினார். இரத்தச் சாம்பலில் காந்தத்துக்கு ஒட்டும் துகள் இருப்பதை இத்தாலியின் பொலோனியா நகரில் மெங்கினி காட்டியது 1746இல். 64 ஆண்டு கழித்து.

#8 உரல்குழவி

இரும்பு வைத்தியத்தின் உண்மையான மைல்கல் பியர் பிளோ. தெற்கு பிரான்சில் போக்கேர் ஊர் வைத்தியர், 1832. சிடன்ஹாமைவிட இவர் சீட்டுதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் திரும்பச் செய்யலாம்.

அன்னபேதி அரை அவுன்ஸ், பொட்டாசியம் கார்பனேட் அரை அவுன்ஸ். தனித்தனியாக நுண்பொடியாக்கி, கல்வத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அரைக்க வேண்டும். அரைக்கும்போதே ஈரமாகிப் பச்சையாகும். அன்னபேதியில் உள்ள நீர்தான் வெளியே வருகிறது. டிரகாகாந்த் பிசின் சேர்த்துப் பிசைந்து 48 உருண்டை. உள்ளே உருவாவது ஃபெரஸ் கார்பனேட், கூடவே பொட்டாசியம் சல்பேட். அன்னபேதியில் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு, ஆகவே உருண்டைக்கு 64 மில்லிகிராம் வாக்கில் வருகிறது. இன்றைய மாத்திரை அளவே கிட்டத்தட்ட.

கொடுக்கும் முறை: முதல் மூன்று நாள் காலை ஒன்று, இரவு ஒன்று. அடுத்த மூன்று நாள் நண்பகலிலும் ஒன்று. இப்படி மூன்று நாளுக்கு ஒரு படியாக ஏற்றி, பதினாறாம் நாளில் வேளைக்கு நான்கு, நாளுக்கு 12. அதாவது 770 மில்லிகிராம்! சிறுகச் சிறுக ஏற்றியது குடல் பழகுவதற்கு.

எங்கே கெடும் என்றால் காற்றில். ஃபெரஸ் கார்பனேட் ஆக்சிஜன் பட்டால் பழுப்பாகி ஃபெரிக் ஆகும், அதைக் குடல் சரியாக எடுக்காது. பழைய உருண்டை கல்லாக இறுகி, விழுங்கியபடியே மறுமுனையில் வந்துவிடும். பச்சையாக இருக்க வேண்டிய உள்பக்கம் உடைத்துப் பார்த்தால் செங்கல் நிறம் என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். வாலே என்ற பிரெஞ்சு மருந்தாளர் தேன் சேர்த்துப் பிசைந்தது இதைத் தடுக்கத்தான். சர்க்கரைப் பொருள்கள் ஆக்சிஜனேற்றத்தை மட்டுப்படுத்தும். சிடன்ஹாமின் சர்க்கரைப் பாகுக்கும் இந்த நன்மை தற்செயலாகக் கிடைத்திருக்கும்.

#9 நெல்லிமரம்

இவ்வளவு தெளிவான மருந்து 1832இலேயே இருந்தும் நோய் ஏன் 1900 தாண்டியும் இருந்தது? உடைக்கட்டு இறுக்கம், மலச்சிக்கல், பிறவியிலேயே பெருந்தமனி சிறுத்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னதாகப் படித்திருக்கிறேன்.

#10 பழஞ்சுவடி

பெருந்தமனி விர்ஹோவின் கருத்து, மலச்சிக்கல் ஆண்ட்ரூ கிளார்க்கின் கருத்து. இரண்டும் பெரிய பெயர்கள், அதனால் நீடித்தன. ஆனால் நடைமுறையில் அதிகம் கெடுத்தவர் பாசல் நகரின் குஸ்டாவ் பூங்கே. 1880களில் அவர் சொன்னது: உப்பாகக் கொடுக்கும் இரும்பு உறிஞ்சப்படுவதே இல்லை, குடலில் உள்ள கந்தக வாயுவைக் கட்டிப்போட்டு உணவில் உள்ள இயற்கை இரும்பைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். முட்டை மஞ்சள் கருவிலிருந்து ஹீமடோஜென் என்று ஒன்றைப் பிரித்தும் காட்டினார். அதைத் தொடர்ந்து இரத்தம், கரிமச் சேர்மம் என்று விலை கூடிய இரும்புச் சத்து டானிக்குகள் சந்தைக்கு வந்தன. ஒரு கரண்டியில் சில மில்லிகிராம் இரும்பு.

எடின்பரோவின் ரால்ஃப் ஸ்டாக்மன் 1893இல் இதை உடைத்த விதம் இன்றும் பாடமாக வைக்கத் தக்கது. மூன்று வகைச் சோதனை. இரும்பு சிட்ரேட்டைத் தோலடி ஊசியாகக் கொடுத்தார். குடலையே தொடாமல் சோகை தேறியது. ஃபெரஸ் சல்பைடைக் கெராட்டின் பூசிய உறையில் குடல் வரை இறக்கினார். ஏற்கெனவே கந்தகத்தோடு சேர்ந்த இரும்பு இன்னொரு கந்தகத்தைப் பிடிக்காது, ஆனாலும் தேறியது. பிறகு கந்தக வாயுவை நன்றாகப் பிடிக்கும் பிஸ்மத், மாங்கனீசு கொடுத்தார், தேறவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, சாதாரண உணவில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்றும் அளந்து வெளியிட்டார். குறைந்த தீனியும் மாதவிடாய் இழப்பும் சேர்ந்தால் போதும் என்பது அவர் முடிவு.

இருந்தும் சின்ன டோஸ் பழக்கம் 1920கள் வரை ஓடியது. 1932இல் ஹீத், ஸ்ட்ராஸ், காஸில் மூவரும் ஊசியில் ஏற்றிய இரும்பு ஏறத்தாழ அப்படியே ஹீமோகுளோபினாக மாறுவதைக் கணக்கோடு காட்டிய பிறகுதான் வாதம் ஓய்ந்தது.

#11 நெல்லிமரம்

அப்படியானால் அரப்பொடியை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? யூடியூபில் ஆணியை ஊறப்போடும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன.

#12 ஆய்வகமேசை

வேண்டாம். இன்றைய ஆணியில் துத்தநாகப் பூச்சு இருக்கும், கலப்பு உலோகங்கள் இருக்கும், எவ்வளவு கரைந்தது என்று தெரியாது. எடைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தாண்டினால் வாந்தி, வயிற்று வலி தொடங்கும். 60 தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பிளோவின் உச்ச அளவே 45 கிலோ பெண்ணுக்குக் கிலோவுக்கு 17. மூன்றாகப் பிரித்ததால் தப்பியது. பத்து கிலோ குழந்தை வீட்டில் இருந்தால் அந்த 12 உருண்டை மரண அளவு. இரும்பு மாத்திரை டப்பா எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

இன்னொன்று, வெளுப்பைக் கண்டதும் இரும்பு என்று பாயக் கூடாது. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். 15க்குக் கீழே என்றால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். சிவப்பணுவின் சராசரிப் பருமனை (MCV) அவற்றின் எண்ணிக்கையால் வகுத்து 13க்குக் கீழே வந்தால் தலசீமியா என்ற பரம்பரைச் சோகையின் கூறு இருக்கிறதா என்று தேட வேண்டும். அவர்களுக்கு மாதக்கணக்கில் தேவையில்லாத இரும்பு போவது நம்மூரில் அடிக்கடி நடக்கிறது.

#13 கேள்விக்குறி

நாளுக்கு இரண்டு வேளை என்ற சிடன்ஹாம் முறை இன்று நிற்குமா? ஒருநாள் விட்டு ஒருநாள் என்கிறார்களே.

#14 ஆய்வகமேசை

ஹெப்சிடின் விஷயம். ஒரு டோஸ் போனதும் கல்லீரல் ஹெப்சிடினைச் சுரந்து குடலின் கதவை ஏறக்குறைய ஒரு நாள் சாத்திவிடும். 2017இல் சுவிட்சர்லாந்தில் வந்த ஆய்வு: 60 மில்லிகிராமைத் தொடர்ந்து 14 நாள் எடுத்தவர்கள் 16.3 சதவீதம் உறிஞ்சினார்கள், அதே 14 டோஸை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்கள் 21.8. ஆனால் அவர்கள் சோகை இல்லாத, கையிருப்பு மட்டும் குறைந்த பெண்கள். ஹீமோகுளோபின் 7இல் இருப்பவருக்கு ஹெப்சிடின் தரைமட்டத்தில் இருக்கும், கதவு திறந்தே கிடக்கும். சிடன்ஹாம் பார்த்தது அந்த இரண்டாவது வகை. ஆகவே முதல் வாரங்களில் அவருடைய தினசரி முறையில் பெரிய வீணில்லை. ஹீமோகுளோபின் ஏற ஏற வீண் கூடும்.

நேரத் தேர்வும் மோசமில்லை. விடிகாலை, மாலை ஐந்து, இரண்டும் பெரிய சாப்பாட்டை விட்டு விலகியவை. நம் வீடுகளில் மாத்திரையை டீயோடு விழுங்குவதைவிட எவ்வளவோ மேல்.

#15 உரல்குழவி

ஊற்றுநீரைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். 1606இல் கண்டுபிடித்த டன்பிரிட்ஜ் வெல்ஸ் இரும்பு ஊற்றுக்கு நோயாளிகளை அனுப்புவது சிடன்ஹாமின் இன்னொரு வழி. அந்த நீரில் இரும்பு ஃபெரஸ் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். குடத்தில் பிடித்து லண்டனுக்குக் கொண்டுவந்தால் காற்றுப்பட்டு இரும்பு முழுக்கத் துருவாக அடியில் படிந்துவிடும், மேலே இருப்பது வெறும் தண்ணீர். புட்டியில் வாங்கிக் குடித்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதில் வியப்பில்லை. ஊற்றடியில் நின்று மொண்டு குடித்தாலும் ஒரு லிட்டரில் வருவது சில பத்து மில்லிகிராம்தான். அரப்பொடி மாத்திரைக்கு அது ஈடாகாது.